வாங்கினீர்களா, விற்றுத்தர எடுத்தீர்களா? ஏலக்காய் கமிஷன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

போடி, கம்பம், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், கட்டப்பனை என்று மலைக்கு மேலும் கீழும் கடை வைத்திருக்கும் ஏலக்காய் கமிஷன் வியாபாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். கேரளத்து இடுக்கி மலையில், உடும்பன்சோலைப் பக்கம் இரண்டரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 11 வருடம் போடியில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதினேன். மலையில் கணக்குப்பிள்ளை என்றால் ஆள் மேய்க்கிறவர், கீழே கணக்குப்பிள்ளை என்றால் பேரேடு மேய்க்கிறவர். நான் இரண்டாவது ரகம். ஆகவே உங்களைத் திட்டி எழுதும் யோக்கியதை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. இன்று நான் குறை சொல்லப்போகும் சீட்டுகளை அன்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. சரக்கை எடை போட்டு எடுக்கும்போது கொடுக்கிறீர்களே, அந்தச் சீட்டில் இதையும் எழுதுங்கள்: இந்தச் சரக்கை நீங்கள் விலைக்கு வாங்கிக்கொண்டீர்களா, இல்லை எனக்காக விற்றுத்தர எடுத்துக்கொண்டீர்களா?

இப்போதைய சீட்டில் என்ன இருக்கிறது? தேதி, பெயர், மூட்டை எண்ணிக்கை, எடை, சாம்பிளுக்குக் கழித்தது. சில கடைகளில் மேலே சாமி படம் இருக்கும். விலை இருக்காது. "ரேட்டை அப்புறம் முடிச்சுக்கலாம்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாமும் டீயைக் குடித்துவிட்டு ஜீப் ஏறிவிடுவோம். நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய மாட்டேன். மூன்று தலைமுறையாக இந்த மலையின் வியாபாரம் அதில்தான் ஓடியிருக்கிறது. ஆனால் விலை ஆடும்போது அந்த நம்பிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதை இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2019 ஜூன் கடைசியில், ஸ்டோரில் மிச்சம் வைத்திருந்த 2 மூட்டை, 100 கிலோ, ஒரு கடையில் போட்டேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். விலை முடிக்கவில்லை. அந்த வருடம் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை கேட்டார்கள். மலை முழுக்க அதே பேச்சு. நான் இறங்கிப் போய் விலை முடிக்கலாம் என்றேன். கடைக்காரர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்க சரக்குப் போட்ட அன்னைக்கே அன்னைய ரேட்டுக்கு எடுத்துக்கிட்டோமே." அந்தப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு விலை இருந்தது. பென்சில் எழுத்துக்கு வயது தெரியாது. பேரேடு எழுதினவன் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, விலை சரிந்து கிடந்த நேரம். அதே கடையில் 3 மூட்டை போட்டேன். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். வாங்கின முன்பணம் பாக்கி இருந்தது, போக முடியாது. மூன்று மாதம் பணம் வரவில்லை. கேட்டால், "வடக்கே ஒரு பார்ட்டிக்கு அனுப்புனோம், அவன் இழுத்தடிக்கிறான். நாங்க நடுவுல நிக்கிறவங்கதானே முதலாளி, வந்தாத்தான் தர முடியும்." சரி, அந்த பார்ட்டியின் பெயரைச் சொல்லுங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அது தொழில் ரகசியமாம்.

அதே கடை, அதே மாதிரிச் சீட்டு, அதே ஆளின் கையெழுத்து. விலை ஏறினால் அவர் வாங்கினவர், இறங்கினால் ஏஜென்ட். ஏற்றம் அவருக்கு, இறக்கம் எனக்கு.

இந்த இரண்டு முகமும் சட்டத்தில் வேறு வேறு ஆட்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182 முதல் 238 வரை உள்ள பிரிவுகள் ஏஜென்ட் பற்றியவை. நம் தொழிலில் இது ஒரு வசதி. கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடிக்கு மேலே கேரளம், கீழே தமிழ்நாடு. தமிழ்நாட்டில் விளைபொருள் விற்பனைக்கென்று ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு, கேரளத்தில் அப்படி ஒரு சட்டமே போடவில்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டம் சாவடியில் நிற்பதில்லை. தோட்டம் சாந்தன்பாறையில், கடை போடியில், சரக்கு வாங்கினவர் டெல்லியில் என்றாலும் அதே பிரிவுகள்தான். அதற்குப் பத்திரமும் வேண்டாம். வாய்ப்பேச்சாலும் நடந்துகொள்ளும் விதத்தாலும்கூட ஒருவர் ஏஜென்ட் ஆகிவிடுவார் என்கின்றன 186, 187. கமிஷன் பேசாவிட்டாலும் ஆகிவிடுவார், அது 185.

வித்தியாசம் எங்கே? நீங்கள் வாங்கினவர் என்றால் சரக்கு உங்களுடையது. பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும், டெல்லிக்காரர் கொடுத்தாலும் ஓடினாலும் அது உங்கள் பாடு, பேசின விலையை எனக்குத் தந்தாக வேண்டும். விற்றுத்தருகிறவர் என்றால் விற்கும்வரை சரக்கு என்னுடையது, விற்ற பணமும் என்னுடையது. உங்களுக்கு உரியது கமிஷனும் செலவும். வந்த தொகையில் அதையும் நீங்கள் கொடுத்த முன்பணத்தையும் பிடித்துக்கொள்ள 217 அனுமதிக்கிறது, மீதியைக் கொடுத்துவிடச் சொல்கிறது 218.

சீட்டின் தலையில் "கமிஷன் ஏஜென்ட்" என்று அச்சடித்திருப்பதால் மட்டும் விஷயம் தீராது. 1977-இல் போபால் சுகர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அது ஒரு பெட்ரோல் கம்பெனிக்கும் அதன் பங்க் நடத்தினவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றிய விற்பனை வரி வழக்கு. ஒப்பந்தத்தில் ஏஜென்ட் என்று எழுதியிருந்தும், உள்ளே நடந்தது விற்பனைதான் என்று தீர்ப்பானது. பெயரைப் பார்க்காதே, நடப்பைப் பார். அது உங்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும்.

விலை பேசாமல் வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் பென்சிலுக்கு அதிகாரம் கிடையாது. 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, விலை முடிவாகாமலும் அதை முடிக்கும் வழி பேசப்படாமலும் இருந்தால் நியாயமான விலை தர வேண்டும். எது நியாயம் என்பதை அந்த நேரத்து நிலவரம் சொல்லும். நீங்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு தேதியைப் பொறுக்கி எடுக்க முடியாது.

இனி ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ளும்போது நீங்கள் எதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்று பார்ப்போம். என் பேச்சின் கனமான பகுதி இதுதான்.

முதலில் கணக்கு. கேட்டால் காட்ட வேண்டும், ஒப்பந்தச் சட்டத்தின் 213. "மொத்தம் இவ்வளவு வந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவது கணக்கு ஆகாது. எந்த லாட், என்ன தேதி, யாருக்கு, என்ன விலை என்று வர வேண்டும். பார்ட்டி பெயர் தொழில் ரகசியம் என்கிறீர்களே, ஏஜென்ட் மூலம் செய்த ஒப்பந்தம் முதலாளியே, அதாவது ஏஜென்டை வைத்தவரே, நேரில் செய்தது போல அமலாகும் என்கிறது 226. இங்கே அந்த முதலாளி நான். வாங்கினவர்மேல் வழக்குப் போட வேண்டியவன் நான். அவர் யாரென்று என்னிடமே மறைத்தால் நான் யார்மேல் போடுவது?

அடுத்தது கடன். ஒப்பந்தச் சட்டத்தை எழுதினவர்கள் பல பிரிவுகளின் அடியில் சின்னச் சின்ன உதாரணக் கதைகள் வைத்தார்கள், வக்கீல் வாசனை இல்லாதவனுக்கும் புரிகிற மாதிரி. 211-இன் கீழ் ஒன்று: கடனுக்கு விற்கும் வழக்கம் இல்லாத தொழிலில் ஒரு தரகர் சரக்கைக் கடனுக்குக் கொடுக்கிறார். வாங்கினவருக்கு அப்போது சந்தையில் நல்ல பெயர். பிறகு அவர் திவால். நஷ்டத்தைத் தரகர்தான் கட்ட வேண்டும். இதைப் படித்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது, ஏலக்காயில் கடனுக்கு விற்பது வழக்கம்தானே. 211 உங்களைத் தொடாது. ஆனால் பக்கத்திலேயே 212 இருக்கிறது, அதன் கதை இப்படி: கடனுக்கு விற்க அதிகாரம் உள்ள ஏஜென்ட், வாங்குகிறவர் பணம் கட்டக் கூடியவர்தானா என்று வழக்கமாகச் செய்யும் விசாரணையைச் செய்யாமல் கொடுக்கிறார், விற்கும்போதே அந்த ஆள் திவால் நிலையில் இருக்கிறார். நஷ்டம் ஏஜென்டின் தலையில். ஆக "பார்ட்டி இழுத்தடிக்கிறான்" என்பது பதிலின் பாதிதான். அவரைப் பற்றி என்ன விசாரித்தீர்கள் என்பது மீதி.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. எனக்குச் சம்மதமா என்று முதலில் கேட்காமல் என் சரக்கை நீங்களே எடுத்துக்கொண்டால், அதில் முக்கியமான எதையாவது மறைத்திருந்தாலோ எனக்கு அது பாதகமாக முடிந்தாலோ நான் அந்த வியாபாரத்தைத் தள்ளிவிடலாம், 215. எனக்குத் தெரியாமல் எடுத்துச் சம்பாதித்த லாபத்தை நான் கேட்டு வாங்கலாம், 216. உங்கள் மச்சினன் பெயரில் எடுத்தாலும் இதே கேள்விதான் வரும். நான் கணக்கு எழுதின காலத்தில், விற்க வந்த சரக்கு அடுத்த அறைக்குப் போய், அங்கே வேறு பெயரில் வாங்கப்பட்டு, இரண்டு நாள் கழித்து வேறு விலைக்குப் புறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். ஏலம் விடும் கம்பெனிக்கு ஒரு உரிமம், டீலருக்கு வேறு உரிமம் என்று 1987-ஆம் வருட ஏலக்காய் உரிம விதிகள் பிரித்து வைத்திருக்கின்றன. விற்றுத்தருகிறவனையும் வாங்குகிறவனையும் அரசாங்கமே இரண்டு ஆளாகப் பார்க்கும்போது நம் சீட்டு மட்டும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

இன்னொன்று, வழக்குப் போடுவதற்கான கெடு. விற்பனை என்றால், தவணை பேசாத பட்சத்தில் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தே மூன்று வருடக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். ஏஜென்ட் என்றால் நான் கணக்குக் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்து ஓடும், கேட்காமலே விட்டால் ஏஜென்ட் உறவு முடிந்த நாளிலிருந்து. "அடுத்த பருவத்துல பார்த்துக்கலாம்" என்று மூன்று பருவம் இழுத்துவிட்டு, நாலாவது வருடம் "அது அன்னைக்கே வாங்கினதாச்சே" என்றால், விலை மட்டுமல்ல, கோர்ட்டுக்குப் போகும் வழியும் எனக்கு அடைபட்டுப் போகலாம். கடை நொடித்துப்போனாலும் இதே கதை. விற்காமல் கிடக்கும் மூட்டை என்னுடையது என்றால் அடையாளம் காட்டிக் கேட்கலாம். உங்களுக்கு விற்றது என்றால் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

எல்லாம் விவசாயி பக்கத்துப் பேச்சாகப் போகிறது என்று நினைக்காதீர்கள். முன்பணம் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. 202-இன் கீழ் ஒரு கதை: ஒருவர் 1,000 பொதி பருத்தியை இன்னொருவருக்கு அனுப்புகிறார். அவர் அந்தப் பருத்தியின்மேல் முன்பணம் கொடுத்திருக்கிறார். விற்று, தன் முன்பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அந்த அதிகாரத்தை அனுப்பினவர் பிறகு ரத்து செய்ய முடியாது, அவர் செத்தாலும் அது முறியாது. பருத்தி என்ற இடத்தில் ஏலக்காய் என்று போட்டுப் பாருங்கள், அப்படியே நம் மலை. 2024 கோடையில் வறட்சியில் ஏலச்செடி தூர் தூராகக் காய்ந்து போனபோது, மறுநடவுக்குப் பணம் கொடுத்தது யார்? பாங்க் மேனேஜர் நிலத்தின் பட்டயத்தைக் கேட்டார். நீங்கள் எதையும் கேட்கவில்லை. அதை மறந்துவிட்டுச் சரக்கை ராத்திரியோடு ராத்திரியாக வேறு கடைக்கு இறக்குகிறவர்கள் எங்களில் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. கமிஷனும் செலவும் வரும்வரை கையில் இருக்கும் சரக்கை நிறுத்தி வைக்கவும் 221 உங்களுக்கு உரிமை தருகிறது.

ஆனால் இந்த உரிமைகள் எல்லாம் ஏஜென்டுக்கு உரியவை. ஏஜென்ட் என்று எழுதிக் கொடுத்தால்தான் கம்பீரமாகக் கேட்க முடியும்.

ஜீப்பில் வந்து சரக்கு எடுக்கும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறத்தோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் நடந்தது. இரண்டு வருடமாக ஒரே பையன், ஒரு கடையின் சீட்டுப் புத்தகத்தோடு வந்து சரக்கு எடுத்துப் போவான். ஒரு நாள் வந்து எடுத்தான், பணம் வரவில்லை. கடையில் கேட்டால், "அவனைப் போன மாசமே நிறுத்திட்டோமே." யாருக்கு ஐயா சொன்னீர்கள்? நிறுத்தியது வெளியாளுக்குத் தெரியவரும்வரை அவரைப் பொறுத்தமட்டில் அந்த அதிகாரம் உயிரோடுதான் இருக்கிறது என்கிறது 208. தன் நடத்தையால் பிறரை நம்பவைத்த முதலாளி பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்கிறது 237. சீட்டுப் புத்தகத்தைத் திருப்பி வாங்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவுகூடப் போடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ரேட் போடும் அதே குழுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, எங்கள் ஆட்கள் காதில் விழட்டும். 1978-இல் ஸ்டேட் பாங்க் எதிர் சியாமா தேவி வழக்கு. அந்த அம்மாளின் கணவர் பாங்க்கில் வேலை பார்த்த தெரிந்த ஒருவரிடம் கணக்கில் கட்டச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார், ரசீது வாங்கவில்லை. பணம் கணக்கில் ஏறவில்லை. பாங்க் பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம், தெரிந்தவர் என்ற முறையில் கொடுத்ததே தவிர பாங்க்கின் வேலையாக அவர் வாங்கவில்லை என்று. "நம்ம பையன்தான்" என்று சீட்டு வாங்காமல் மூட்டையை ஏற்றிவிடுகிறவர்களுக்கு இது போதும்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். ஏஜென்ட் என்று எழுதினால், ஒப்படைத்த சொத்தை ஏமாற்றிய குற்றச்சாட்டுக்குப் பயம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் தரகருக்கும் ஏஜென்டுக்கும் தண்டனை கடுமை. வாங்கினவர் என்று எழுதினால், விலை உங்கள் தலையில் கடனாக நிற்கும். இரண்டும் வேண்டாமென்றுதான் அந்த இடத்தைக் காலியாக விடுகிறீர்கள். ஆனால் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் காலி இடமும் உங்கள் கையில் இல்லை. அடுத்த ஆளுக்குப் போகும் பில் யார் பெயரில் என்பதை வைத்தே, வரிக் கணக்கில் நீங்கள் எந்த வகை ஏஜென்ட் என்று பார்க்க வேண்டும் என 2018 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் ஆடிட்டர் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். வரி அதிகாரிக்கு ஒரு முகம் காட்டியாயிற்று. அதையே எனக்கும் காட்டுங்கள் என்கிறேன்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, வியாபாரிகளே கண்டுபிடித்தது. வாங்கினவன் பணத்துக்கு நானே ஜவாப்தாரி என்று ஏஜென்ட் பொறுப்பேற்பது, அதற்காகக் கமிஷன் கொஞ்சம் கூட வாங்குவது. அரை சதவீதம் கூடக் கேளுங்கள், நான் தருகிறேன். என்னைப் போலத் தருகிறவர்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். மூன்று மாதம் தூக்கம் கெடுவதற்கு அது எவ்வளவோ மலிவு.

மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டுக்கு மனுப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஏலம் விடும் இடத்தில் நடப்பதற்கு அங்கே வழி இருக்கிறது. எடைத் தராசுக்கும் சீட்டுப் புத்தகத்துக்கும் நடுவே நடப்பதற்கு முதலில் உங்களிடம்தானே வர வேண்டும்.

இந்தப் பருவத்தின் முதல் சுற்றுக் காய் இப்போது டிரையரில் இருக்கிறது. வியாழக்கிழமை 2 மூட்டையோடு இறங்குவேன். போடியில் ஒரு அச்சகத்தில் 100 தாள் கொண்ட சீட்டுப் புத்தகம் அடித்து வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டைப் போலவேதான், தேதி, மூட்டை, எடை. அடியில் மட்டும் இரண்டு கட்டம்: "விலைக்கு வாங்கியது, கிலோவுக்கு ரூ. ......" என்று ஒன்று, "விற்றுத்தர எடுத்தது, கமிஷன் ......" என்று இன்னொன்று. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பேனா நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உடும்பன்சோலை வட்டாரத்துச் சிறு ஏல விவசாயி,
உங்கள் பழைய கணக்குப்பிள்ளை